நாற்காலிக்குள் ஒரு குரல்!

சோபாவில் சாய்ந்தபடி இதைப் படிக்கிறீர்களா? அப்படியானால் முதுகுப் பக்கம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். உங்கள் உடம்புச் சூடுதான், பயப்பட வேண்டாம்.

ஆனால், அந்தச் சூடு சோபாவின் உள்ளேயிருந்து வந்தால்?

1925-ல் ஜப்பானிய எழுத்தாளர் ஒருவர் இப்படித்தான் யோசித்தார். ஒரு பெண் எழுத்தாளருக்கு முகம் தெரியாத ஒருவனிடமிருந்து நீண்ட கடிதம் வருகிறது. அவன் ஒரு நாற்காலித் தச்சன். அழகில்லாதவன், யாராலும் விரும்பப்படாதவன். ஹோட்டல் ஒன்றுக்காகப் பெரிய சாய்வு நாற்காலி செய்யும்போது, அதன் உள்ளே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுச் செய்கிறான். பிறகு தானே உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்கிறான். யார் யாரோ வந்து அவன் மடியில் உட்காருகிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. பிறகு அந்த நாற்காலி கைமாறுகிறது. கடிதத்தைப் படிக்கப் படிக்க அந்தப் பெண்ணுக்கு வியர்க்கிறது. காரணம், அவள் தினமும் எழுத உட்காருவதும் ஒரு பெரிய சாய்வு நாற்காலியில்தான்!

முடிவைச் சொல்லிவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும். கதையின் பெயர் ‘நிங்கென் இசு’. தமிழில் ‘மனித நாற்காலி’. எழுதியவர் எடோகவா ராம்போ. இயற்பெயர் ஹிராய் தாரோ. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ மீது இருந்த பித்தில், அந்தப் பெயரின் ஒலியையே ஜப்பானிய எழுத்தில் புனைபெயராக்கிக்கொண்டவர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், புரியும்!

கதை வந்து 62 வருடங்கள் கழித்து, 1987-ல், இரண்டு கல்லூரிப் பையன்கள் தங்கள் ராக் இசைக்குழுவுக்கு அதே பெயரை வைத்தார்கள். ‘நிங்கென் இசு’ குழு 1990-லிருந்து 2023 வரை வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் மட்டும் 23. அத்தனையும் பேய், நரகம், பித்து, மரணம்.

ஓர் இரவுக்கு ஓர் ஆல்பம் என்று கணக்கு வைத்து, வெளியான வரிசையிலேயே 23 இரவுகள் கேட்டேன். முதல் இரவில் பயமாக இருந்தது. கடைசி வாரத்தில் ஒரு பாட்டுக்கு அழுகை வந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பேயும் ராக்கும் பழைய கூட்டாளிகள்

ராக் இசையில் பேயைக் கூட்டி வந்தது இவர்கள் இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர், ஒரு திகில் படத்தின் பெயரை எடுத்து ‘பிளாக் சபாத்’ என்று குழு ஆரம்பித்தார்கள். 1970-ல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. அதன் கிடார் கலைஞர் டோனி அயோமிக்கு 17 வயதில் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அழுத்தி வாசித்தால் வலிக்கும். அதனால் தந்திகளைத் தளர்த்தினார். சுருதி இறங்கியது, சத்தம் கனத்தது. ஹெவி மெட்டல் இசையின் அந்த இருண்ட குரல் பிறந்ததில் அந்த விபத்துக்கும் பங்கு உண்டு.

பிறகு 1977-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ‘மிஸ்ஃபிட்ஸ்’ வந்தார்கள். பழைய ஹாலிவுட் பேய்ப் படங்களையும் தடதடக்கும் பங்க் இசையையும் சேர்த்துக் குலுக்கினார்கள். அதற்கு ‘ஹாரர் பங்க்’ என்றே பெயர் வந்துவிட்டது. ஜப்பானில் அந்த வழியில் போன ‘பால்சாக்’ குழுவுக்கு இன்றும் உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு.

நிங்கென் இசு இவர்களுக்கெல்லாம் சொந்தக்காரர்கள், ஆனால் வேறு வீடு. பங்க் வேகம் இவர்களிடம் குறைவு, சபாத்தின் கனம் அதிகம். முக்கியமான வித்தியாசம் இன்னொன்று. மற்றவர்கள் பேயை சினிமா தியேட்டரிலிருந்து கூட்டி வந்தார்கள். இவர்கள் சொந்த ஊரிலிருந்து கூட்டி வந்தார்கள்.

பனி ஊர்ப் பையன்கள்

ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வடக்கு முனையில் இருக்கிறது அவோமோரி மாகாணம். அதன் மேற்குப் பகுதியை சுகாரு என்பார்கள். குளிர்காலத்தில் பனி வீட்டுக் கூரைவரை ஏறும். ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன பூமி. ஜப்பானில் விளையும் ஆப்பிளில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாகாணத்திலிருந்துதான் போகிறது. அங்கே ஹிரோசாகி என்ற ஊரில் பள்ளி நாள்களிலேயே நண்பர்களானவர்கள் ஷின்ஜி வாஜிமாவும் கெனிச்சி சுசுகியும். வாஜிமா கிடார், சுசுகி பேஸ் கிடார். பாடுவது இருவரும்.

இந்த ஊரின் இசைக்கு ஒரு கதை உண்டு. சமிசென் என்பது மூன்று தந்தி வாத்தியம். சுகாரு பகுதியில் அதை வளர்த்தவர்கள் கண் தெரியாத நாடோடிக் கலைஞர்கள். பனியில் வீடு வீடாகப் போய், வாசலில் நின்று வாசித்து, அரிசி வாங்கிப் பிழைத்தவர்கள். மூடிய கதவுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றால் மெல்ல மீட்டினால் ஆகுமா? பெரிய மரத்தகடு ஒன்றால் தந்தியோடு சேர்த்து வாத்தியத்தின் தோலையும் ஓங்கி அடித்தார்கள். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுவதைப் போல இருக்கும் அந்தச் சத்தம்.

வாஜிமாவின் கிடாரில் இந்த இரண்டும் இருக்கின்றன. பாட்டின் அடித்தளம் பர்மிங்காம். தேர் நிலையை விட்டு நகர்வதைப் போன்ற கனம். திடீரென்று நடுவில் சுகாரு சமிசென் படபடவென்று எட்டிப் பார்க்கும். முதல் ஆல்பத்தில் ‘ரிங்கோ நோ நமிடா’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. ‘ஆப்பிளின் கண்ணீர்’ என்று பொருள். இந்த ஒரு பாட்டைக் கேட்டாலே போதும், எந்த ஊர்க்காரர்கள் இவர்கள் என்று தெரிந்துவிடும். ஆப்பிள் டோக்கியோவுக்குப் போகும் திசையில்தான் அந்த ஊர்ப் பிள்ளைகளும் படிக்க, பிழைக்கப் போனார்கள். வாஜிமாவும் போனார். அங்கே கொமசாவா பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது பௌத்தம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி இரவில் தேவைப்படும்.

டி.வி-யில் எலி மனிதன்

1989-ல் டோக்கியோவின் டி.பி.எஸ் தொலைக்காட்சியில் புதிய இசைக்குழுக்களுக்கான போட்டி நிகழ்ச்சி சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. ‘இகாதென்’ என்பது அதன் செல்லப்பெயர். அதில் நிங்கென் இசு மேடையேறியது. பேஸ் கிடாரோடு நின்ற சுசுகி, ‘கெகெகே நோ கிதாரோ’ என்ற பேய் காமிக்ஸில் வரும் ‘எலி மனிதன்’ வேஷத்தில் இருந்தார். அழுக்குத் துணியைப் போர்த்திக்கொண்டு திரியும், கொஞ்சம் அயோக்கியமான பாத்திரம் அது. பாடிய பாட்டின் பெயர் ‘இஞ்ஜூ’. அதுவும் ராம்போவின் ஒரு நாவலின் பெயர்தான்.

வேஷத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாசிப்பைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வருடமே பெரிய நிறுவனம் ஒன்றின் மூலம் முதல் ஆல்பம் வெளியானது.

அன்றிலிருந்து வேஷம் இவர்களை விடவில்லை. இன்றைய மேடையில் வாஜிமா பழைய காலத்து எழுத்தாளரைப் போல கிமோனோவும் வட்டக் கண்ணாடியுமாக நிற்பார். சுசுகி மொட்டைத் தலை, முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, பிட்சு உடை. 2004-ல் வந்து சேர்ந்த ட்ரம்ஸ் கலைஞர் நோபு நகாஜிமா, பழைய ஜப்பானியப் படத்து ரவுடியைப் போல இருப்பார். ரசிகர்கள் அவரைக் கூப்பிடுவது ‘அனிகி’ என்று. நம் ஊர் பாஷையில் ‘அண்ணே!’

கல் அடுக்கும் குழந்தைகள்

முதல் ஆல்பத்தின் பெயர் ‘நிங்கென் ஷிக்காக்கு’. 1948-ல் வெளியான ஒசாமு தசாயின் புகழ்பெற்ற நாவலின் பெயர் அது. மனிதனாக இருக்கத் தகுதி இழந்துவிட்டதாகத் தன்னை நினைக்கும் ஒருவனின் கதை. தசாயும் சுகாரு மண்ணில் பிறந்து, ஹிரோசாகியில் படித்தவர். பையன்கள் ஊர்க்காரரைத்தான் துணைக்கு அழைத்திருக்கிறார்கள்.

இந்த ஆல்பத்தில் என்னை நிறுத்தி வைத்த பாட்டு ‘சாய் நோ கவாரா’. இதைப் புரிந்துகொள்ள அவோமோரியில் இருக்கும் ஒசோரேசான் மலைக்குப் போக வேண்டும். பெயரிலேயே ‘அச்சம்’ இருக்கிறது. கந்தக வாடை, புல் முளைக்காத பாறை வெளி, சலனமில்லாத ஓர் ஏரி. செத்தவர்களின் ஆவி இங்கேதான் வரும் என்பது காலங்காலமான நம்பிக்கை. கோடைத் திருவிழாவின்போது ‘இதாகோ’ எனப்படும் கண் தெரியாத பெண்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். இறந்தவர்களை அழைத்து, அவர்கள் குரலில் பேசுவார்கள். புருஷனைப் பறிகொடுத்தவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் வரிசையில் காத்திருப்பார்கள்.

அந்தப் பாறை வெளியில் ஒரு பகுதிக்குத்தான் சாய் நோ கவாரா என்று பெயர். பெற்றவர்களுக்கு முன்பே இறந்துபோன குழந்தைகள் ஆற்றைக் கடக்க முடியாமல் அதன் கரையிலேயே தங்கிவிடுகிறார்களாம். அப்பா அம்மாவுக்குப் புண்ணியம் சேர வேண்டும் என்று கூழாங்கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டுகிறார்களாம். முடியும் நேரத்தில் பூதம் வந்து தட்டிவிடுமாம். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஜிசோ என்ற போதிசத்துவர் வந்து, குழந்தைகளைத் தன் அங்கிக்குள் ஒளித்துக் காப்பாற்றுவாராம்.

இன்றும் அங்கே போகும் பெற்றோர்கள் பிள்ளைக்கு உதவியாகத் தாங்களும் கல் அடுக்கிவிட்டு வருகிறார்கள். வண்ணக் காற்றாடிகளைச் செருகி வைக்கிறார்கள். காற்று அடித்தால் அவை சுற்றும்.

இது பேய்க்கதையா? பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். இவர்களுடைய ‘திகில்’ எங்கிருந்து வருகிறது என்று முதல் இரவிலேயே எனக்குக் கொஞ்சம் புரிந்தது. பயத்தைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் துக்கம் இருக்கிறது.

ஆல்பம் அடுக்கா, புத்தக அலமாரியா?

இரண்டாவது இரவு, மூன்றாவது இரவு என்று போகப் போக, கேட்பது பாட்டுத்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நூலகத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

1991-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயர், சகாகுச்சி அங்கோ எழுதிய ஒரு கதையின் பெயர். பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்களுக்கு அடியில் நின்றால் புத்தி பேதலித்துவிடும் என்ற கற்பனையில் எழுதப்பட்ட கதை. 1992-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் ‘பித்து மலைத்தொடர்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் நாவலை நினைத்துச் செய்தது. 1993-ல் வந்த நான்காவது ஆல்பம் ‘ராஷோமோன்’.

ராஷோமோன் என்றதும் நமக்கு அகிரா குரோசவாவின் 1950-ம் வருடப் படம் நினைவுக்கு வரும். ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் அந்தப் பாணிதான் எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ வரை வந்தது. அந்தப் படத்துக்குப் பெயர் கொடுத்த சிறுகதையை அகுதகவா 1915-ல் எழுதினார். அதே பெயரைத்தான் 78 வருடங்கள் கழித்து இந்தக் குழுவும் எடுத்துக்கொண்டது.

ஜப்பானிய மொழி தெரியாத எனக்கு இந்தப் பாட்டுகளின் சொற்கள் நேரடியாகப் புரியாது. ஆனால், ஒவ்வோர் ஆல்பமும் ஒரு புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனது. பாட்டு கேட்டு முடித்ததும் கதையைத் தேடிப் படிப்பது, படித்துவிட்டு மறுபடி பாட்டைக் கேட்பது என்று பல இரவுகள் நீண்டன. ஒரு ராக் குழு வாசகனை உருவாக்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

யாரும் கேட்காத வருடங்கள்

ஐந்தாவது இரவிலிருந்து கதை மாறுகிறது.

டி.வி போட்டி கொண்டுவந்த அலை ஓய்ந்துவிட்டது. ஆல்பங்கள் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 1995-ல் வந்த ஐந்தாவது ஆல்பம் ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து வெளியானது. முதல் ட்ரம்ஸ் கலைஞர் போனார். அடுத்தவர் வந்தார், போனார். இன்னொருவர் வந்தார், போனார்.

வாஜிமாவும் சுசுகியும் மட்டும் போகவில்லை.

1996, 1998, 1999, 2000, 2001, 2003, 2004 என்று ஆல்பங்கள் வந்துகொண்டே இருந்தன. ஏதோ ஒரு சின்ன அரங்கில் ரசிகர்கள் வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள். அது வயிற்றுக்குப் போதாது. வாஜிமா நடுவயதுவரை பகுதி நேர வேலைகள் பார்த்தார். பிற்பாடு 2017-ல் அவர் எழுதிய சுயசரிதைக்கு ‘குஸ்ஸெத்சு குன்’ என்று பெயர் வைத்தார். ‘கோணல் தம்பி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வருடங்களின் ஆல்பங்களைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். யூடியூபில் பிரபலமான பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் இந்த இருபது வருடங்கள் காதில் விழவே விழாது. வரிசையாகக் கேட்டதால் எனக்கு விழுந்தது. என்ன கேட்டது தெரியுமா? எதுவுமே மாறவில்லை என்பது!

அந்தக் காலகட்டத்தில் உலகம் முழுக்க ராக் இசை எத்தனையோ உடை மாற்றியது. இவர்களுக்கும் ஆசை வந்திருக்கலாம். பாட்டைச் சுருக்கு, ஆங்கிலம் கல, பேயை விடு, காதல் பாடு என்று யாராவது சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் ஆல்பங்களில் அதே கனமான கிடார், அதே நரகம், அதே பழைய எழுத்தாளர்கள். சில பாட்டுகளைச் சுகாரு வட்டார வழக்கிலேயே பாடினார்கள். டோக்கியோக்காரர்களுக்கே அந்தப் பேச்சு பிடிபடாது. கேட்க ஆள் குறைந்திருந்த நேரத்தில், இன்னும் குறைவானவர்களுக்குப் புரியும் மொழியில் பாடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். இல்லை, ஒரு கோணல் வேண்டும்.

பூச்சாண்டியின் வேலை

நரகத்தைப் பாடுகிறார்கள் என்றதும் எப்போதும் இருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். சுசுகி எழுதும் நரகப் பாட்டுகளில் சிரிப்பு உண்டு. நரகத்துச் சமையல்காரனுக்கு ஒரு பாட்டு. நரகத்தில் நடக்கும் பந்து விளையாட்டுக்கு ஒரு பாட்டு. அங்கேயும் சமைத்தாக வேண்டும், விளையாடியாக வேண்டும் இல்லையா!

‘நமஹகே’ என்று இன்னொரு பாட்டு. அவோமோரியை ஒட்டிய அகிதா மாகாணத்துப் பூச்சாண்டி அவர். வருடத்தின் கடைசி இரவில், ஊர் இளைஞர்கள் கோர முகமூடியும் வைக்கோல் உடையும் அணிந்து, கையில் மரக்கத்தியோடு வீடு வீடாக வருவார்கள். அழுமூஞ்சிப் பிள்ளை யார், சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை யார் என்று உறுமுவார்கள். குழந்தைகள் அலறி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அப்பா, “எங்க வீட்டுப் பிள்ளை நல்ல பிள்ளைங்க” என்று பரிந்து பேசுவார். பூச்சாண்டிக்குச் சாப்பாடும் சாகே மதுவும் கொடுத்து அனுப்பிவைப்பார்கள். 2018-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலேயே இந்தச் சடங்கு இடம்பிடித்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். அந்த இரவில் குழந்தைக்குக் கிடைப்பது வெறும் பயமா? ‘எவ்வளவு பெரிய பூதம் வந்தாலும் அப்பா என்னை விட்டுக்கொடுக்க மாட்டார்’ என்ற நம்பிக்கையும் கிடைக்கிறது. பயம் வந்தால்தான் பிடித்துக்கொள்ள ஒரு கை இருப்பது தெரிகிறது.

இந்தக் குழுவின் நிகழ்ச்சிக் காட்சிகளைப் பார்த்தாலும் இதுதான் தெரியும். நரகத்தைப் பற்றிப் பாடும்போது கீழே நிற்கும் கூட்டம் சிரித்துக்கொண்டே கை தூக்குகிறது. எல்லோரும் ஒன்றாகப் பயப்படும்போது யாரும் தனியாக இல்லை.

53 வயதில் அடித்த அலை

2013-ல் முதல் திருப்பம். ஜப்பானில் ‘ஓஸ்ஃபெஸ்ட்’ இசை விழா நடந்தது. பிளாக் சபாத் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் பெயரில் நடந்த விழா. பிளாக் சபாத்தே மேடையேறிய அந்த விழாவில் நிங்கென் இசுவும் வாசித்தது. ஹிரோசாகியில் பள்ளிக்கூடப் பையன்களாக யாருடைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தார்களோ, அவர்களோடு ஒரே விழாவில்! இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரங்குகள் பெரிதாயின.

2019-ல் இரண்டாவது திருப்பம். 21-வது ஆல்பம் ‘ஷின் செய்னென்’. அதிலிருந்து ‘முஜோ நோ ஸ்கேட்’ என்ற பாட்டின் வீடியோவை யூடியூபில் ஏற்றினார்கள். எட்டு நிமிடத்துக்கும் மேல் நீளும் பாட்டு. ஆங்கிலம் கிடையாது. ஆடும் அழகிகள் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய மூன்று ஆண்கள் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். முப்பது விநாடி ரீல்ஸ் காலத்தில் இதை யார் பார்ப்பார்கள்?

1 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. வீடியோவுக்குக் கீழே ஸ்பானிஷ், போர்ச்சுக்கீசியம், ரஷ்யன், ஆங்கிலம் என்று உலகத்து மொழிகளெல்லாம் வந்து நின்றன.

‘முஜோ’ என்றால் இரக்கமற்றது. ‘ஸ்கேட்’ என்றால் சக்கரம் வைத்த ஷூ இல்லை. ஜாஸ் பாடகர்கள் சொற்களே இல்லாமல் வெறும் அசைகளை வைத்துப் பாடுவார்களே, அது. பாட்டு நெடுக ஒருவன் கைவிடப்பட்ட நிலையில் முறையிடுகிறான். உச்சத்துக்குப் போகும் இடத்தில் சொற்கள் தீர்ந்துவிடுகின்றன. வெறும் அசைகள்தான். அதைத்தான் அடிவயிற்றிலிருந்து பாடுகிறார் வாஜிமா.

நான் அழுத பாட்டு இதுதான். இந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டிருந்தால் ‘நல்ல பாட்டு’ என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன். இருபது ஆல்பங்களைத் தாண்டி வந்ததால், அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த வருடங்களும் சேர்ந்து கேட்டன. சின்ன அரங்குகள், பகுதி நேர வேலைகள், விட்டுப்போன ட்ரம்ஸ் கலைஞர்கள் எல்லாம். துக்கம் முற்றினால் நம் வீட்டுப் பெண்களுக்கும் சொல் தீர்ந்துபோய் வெறும் ராகம்தான் வரும். மொழி தெரியாத உலகத்துக்கு இந்தப் பாட்டு எப்படிப் புரிந்தது என்று யாராவது கேட்டால், அந்த இடத்தில் மொழியே இல்லை என்பதுதான் பதில்.

2020 பிப்ரவரியில் ஜெர்மனியிலும் லண்டனிலும் நிகழ்ச்சி நடத்தினார்கள். குழு தொடங்கி 30 வருடங்களுக்கு மேல் ஆன பிறகு கிடைத்த முதல் ஐரோப்பியப் பயணம். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் கொரோனா உலகத்தைப் பூட்டிவிட்டது.

கடைசி இரண்டு இரவுகள்

பத்திரிகை வாசகர்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. 2019-ம் வருட ஆல்பத்தின் பெயர் ‘ஷின் செய்னென்’ என்றேன் இல்லையா? ‘புதிய இளைஞன்’ என்று பொருள். அது 1920-லிருந்து 1950 வரை ஜப்பானில் வந்த ஒரு பத்திரிகையின் பெயர். 1923-ல் ராம்போவின் முதல் கதையை வெளியிட்டது அந்தப் பத்திரிகைதான்.

22-வது இரவில் கேட்டது 2021-ம் வருட ஆல்பம். பெயர் ‘குராகு’. துன்பமும் இன்பமும் என்று பொருள். கொரோனா காலத்துக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால், 1925-ல் ‘மனித நாற்காலி’ கதை வெளியான பத்திரிகையின் பெயரும் ‘குராகு’!

ஒரு பத்திரிகையில் வந்த ஒரு கதை. அதைப் படித்த இரண்டு பையன்கள். கிட்டத்தட்ட நூறு வருடங்கள் கழித்து அந்தப் பத்திரிகையின் பெயரிலேயே ஓர் ஆல்பம். வாரப் பத்திரிகைக் கதைகளைக் கத்தரித்து பைண்டு செய்து வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

23-வது இரவு, 2023-ம் வருட ஆல்பம். ‘ஷிகிசொக்குசேக்கு’. காணும் உருவங்கள் எல்லாமே வெறுமைதான் என்ற பௌத்தத் தத்துவத்தைச் சொல்லும் நான்கு எழுத்துத் தொடர் அது. கல்லூரியில் பௌத்தம் படித்த பையன் அறுபதை நெருங்கும்போது அங்கே வந்து நிற்கிறார். கிடாரின் கனம் குறையவில்லை. ஆனால், முதல் ஆல்பத்தில் கதவுக்கு வெளியே நின்று உறுமிய மரணம், இப்போது உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கிறது. யாரும் அதை விரட்டவில்லை.

ராம்போவின் தச்சன் நாற்காலிக்குள் ஒளிந்துகொண்டது ஏன் என்று அன்று இரவு மறுபடி யோசித்தேன். பயமுறுத்துவதற்காக மட்டும் இல்லை. யாராவது ஒருவர் தன்மீது சாய மாட்டார்களா என்ற ஏக்கமும்தான். இந்தக் குழுவினர் 30 வருடங்களுக்கு மேலாக ஒரு நாற்காலியைச் செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மெதுவாகத்தான் வந்தோம்.

இயர்போனைக் கழற்றினேன். மணி 1.20. வீடு அமைதியாக இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது, சும்மா ஒரு சந்தேகத்துக்கு, குஷனை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

எங்கே தொடங்கலாம்?

23 ஆல்பங்களுக்கும் நேரம் இல்லை என்பவர்களுக்கு இந்த ஐந்து பாட்டுகள்.

ரிங்கோ நோ நமிடா (1990): கிடாருக்குள் சமிசென் கேட்கிறதா என்று பாருங்கள்.

ஹரி நோ யமா (1990): ‘ஊசி மலை.’ பௌத்த நரகங்களில் ஒன்று. வேல்ஸ் நாட்டுக் குழுவான ‘பட்ஜி’யின் பாட்டுக்கு ஜப்பானியச் சொற்கள் போட்டுப் பாடியது. நிகழ்ச்சியின் கடைசியில் கூட்டத்தை ஆட வைக்கும் பாட்டு.

க்யோகி சன்மியாகு (1992): ‘பித்து மலைத்தொடர்.’ இருட்டில் கேட்க வேண்டியது. பொறுமை தேவை.

நமஹகே: பூச்சாண்டி வருகிறார். முதலில் நீங்கள் கேட்டுவிட்டு, பிறகு பிள்ளைகளுக்குப் போடுங்கள்.

முஜோ நோ ஸ்கேட் (2019): இதைக் கடைசியாகக் கேளுங்கள். எட்டு நிமிடம் போனைத் தொடாமல்.

ஒரு சின்ன எச்சரிக்கை: மரணம், கொலை, காமம் பேசும் பாட்டுகளும் உண்டு. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இயர்போன் நல்லது.